மஞ்சளும் கொழுப்பு நானோ துகள்களும்

மஞ்சளுக்கு நிறமளிக்கும் குர்குமின் நீரில் கரைவதில்லை. உட்கொண்டதில் குடல் உறிஞ்சும் சிறு பகுதியும் குடற்சுவரிலும் கல்லீரலிலும் விரைவாக மாற்றமடைந்து வெளியேறிவிடுகிறது. ஆய்வகக் குடுவையில் அது காட்டும் விளைவுகள் நோயாளியிடம் தென்படாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

இக்குறையைக் களையும் முயற்சிகளுள் ஒன்று, கொழுப்பு நானோ துகள்கள். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பை உருக்கி, அதில் குர்குமினைக் கலந்து, லெசித்தின் சேர்த்த வெந்நீரில் நுண்ணிதாகச் சிதறடித்துக் குளிர்விக்கும்போது, சில நூறு நானோமீட்டர் அளவுள்ள திண்மத் துகள்கள் உருவாகின்றன. உணவிலுள்ள கொழுப்பைப் போன்றே இவையும் பித்தநீரின் உதவியால் செரிக்கின்றன. உள்ளிருக்கும் குர்குமினின் ஒரு பகுதி, நிணநீர் நாளங்கள் வழியாகச் சென்று, கல்லீரலை முதலில் சந்திக்காமலேயே குருதியை அடைகிறது.

சமையல் மஞ்சள் தீங்கற்றது, ஆகவே இம்மாத்திரையும் தீங்கற்றது எனப் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. குழம்பில் இடும் மஞ்சளிலிருந்து குருதியை அடையும் குர்குமின் மிகச் சொற்பம். உறிஞ்சுதலைப் பெருக்கவென்றே செய்த மாத்திரையின் கதை வேறு. மிளகின் பைப்பரின் சேர்த்த மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். இத்தாலியில் 2019-ஆம் ஆண்டு, மஞ்சள் துணைமாத்திரை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

கர்ப்பிணிகள், பித்தப்பைக் கல் உடையோர், வார்ஃபரின் போன்ற குருதி உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர் மருத்துவ ஆலோசனையின்றி இவற்றைத் தொடங்கக் கூடாது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ மாத்திரையை உடனே நிறுத்தி, அதன் புட்டியுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்.