மதுரையா, கோவையா? கடை மாற்ற நினைப்போர் கவனத்திற்கு

தேனியிலிருந்து கம்பம் வரை எந்த ஊர்க் கடையில் நின்று பேசினாலும் கடைசியில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "பையன் இங்கே இருக்க மாட்டேன் என்கிறான் அண்ணாச்சி. மதுரையிலோ கோயமுத்தூரிலோ ஒரு கடை பார்க்கலாமா?" கல்யாணத்திற்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தவர்கள், கோவை குளுகுளு என்றும் மதுரை கொதிக்கிறது என்றும் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மூட்டைகளோடு குடிபோகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு.

முதலில் பருவநிலை. கோவை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குக் காற்று வந்துவிடும். ஆடிக்காற்றில் வளர்ந்த நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அது பழகிய சுகமே. மதுரையிலோ ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும், தாண்டவும் செய்யும்.

உடம்புக்கு நல்லது சரக்குக்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. மதுரை வெயிலில் தகரக் கொட்டகைக் கிட்டங்கியில் வெல்லம் கசியும், மிட்டாய் வகை இளகும், நெய் உருகும். ஏலக்காய் வெளிச்சத்திலும் சூட்டிலும் கிடந்தால் பச்சை நிறம் போய் வாசமும் குறையும். விலையும் குறையத்தானே செய்யும். ஆனால் வறண்ட காற்று பருப்புக்கும் வற்றலுக்கும் நல்லது. கோவையில் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கதை திரும்பிவிடும். சர்க்கரையும் உப்பும் ஈரம் இழுக்கும், அப்பளம் நமுக்கும். மார்கழி, தை மாதங்களில் தேங்காய் எண்ணெய் டின்னோடு உறைந்து நிற்கும். ஆகவே மதுரையில் கடை பிடிப்பவர் கிட்டங்கியின் கூரையைப் பார்க்க வேண்டும், கோவையில் பிடிப்பவர் தரையையும் சுவரையும் பார்க்க வேண்டும். மேடைப் பலகை இல்லாமல் மூட்டையை அடுக்கலாகாது.

தண்ணீரைப் பொறுத்தவரை கோவைக்குச் சிறுவாணியும் பில்லூரும் இருக்கின்றன. மதுரைக்கு வைகை அணை. அதாவது முல்லைப் பெரியாற்றிலிருந்து நம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கிப் போகும் தண்ணீர்தான். அங்கே போனாலும் நம் ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறோம்!

அடுத்தது போக்குவரத்து. நெரிசலில் இரண்டு நகரங்களும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. மதுரையில் மொத்த மளிகை என்றால் கீழமாசி வீதி. கோவையில் ரங்கே கவுடர் வீதி. இரண்டுமே மாட்டு வண்டிக் காலத்துத் தெருக்கள். பெரிய லாரியைப் பகலில் உள்ளே கொண்டுபோய்ச் சரக்கு இறக்குவது லேசான காரியமல்ல. குட்டி யானையில் மாற்றி ஏற்றி இரண்டாவது கூலி கொடுக்க வேண்டிவரும். மதுரையில் சித்திரைத் திருவிழா நாட்களில் அதுவும் நடக்காது. நத்தம் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பறக்கும் பாலம் 2023ல் திறந்தார்கள். கோவை அவினாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் போகிற கார்காரர்களுக்கு நிம்மதிதான். ஆனால் கீழே இருக்கிற கடையில் அவர்கள் நிற்பார்களா? பாலம் உள்ள சாலையில் கடை பார்ப்பவர்கள், வண்டி எங்கே நிற்கும் என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

"மெட்ரோ ரயில் வருகிறது, இப்போதே இடம் பிடியுங்கள்" என்று தரகர்கள் இரண்டு ஊரிலும் சொல்வார்கள். 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்ற காரணம் காட்டி, இரு நகரங்களின் மெட்ரோ திட்டத்தையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. அதை நம்பி ஒரு ரூபாய்கூட அட்வான்சில் கூட்டிக் கொடுக்கக் கூடாது.

தூரம் என்னவென்றால், தேனியிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். அகல ரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் வந்துவிட்டது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். கோவை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி சுற்றி 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். இதில் கிலோமீட்டரை விடப் பெரிய விஷயம் கடன். மதுரை மண்டிக்காரர்களுக்கு நம்மில் பலரின் தகப்பனார் காலத்திலிருந்தே பற்று வரவு உண்டு. பெயரைச் சொன்னால் பதினைந்து நாள் தவணைக்குச் சரக்கு வரும். கோவையில் புது முகத்திற்கு யார் கொடுப்பார்கள்? முதல் வருடம் முழுக்க ரொக்கக் கொள்முதல்தான் என்று வைத்துக்கொண்டே முதலைக் கணக்கிட வேண்டும். நல்ல காற்றை நினைத்துப் போய்க் கைமுதல் கரைந்து திரும்பும் நிலை நம் உறுப்பினர் எவருக்கும் வரக் கூடாது.

பொழுதுபோக்கு என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். சுருளி அருவிக்குப் பக்கத்திலேயே கடை வைத்துக்கொண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அங்கே குளிக்காதவர்கள் நாம். ஆனால் பிள்ளைகளும் மருமகளும் அப்படி இருக்கமாட்டார்கள். கோவையில் மருதமலை, கோவைக் குற்றாலம், ரேஸ்கோர்ஸ் நடைபாதை, உக்கடம் குளக்கரை. மதுரையில் தெப்பக்குளம், அழகர்கோவில், 2023ல் திறந்த கலைஞர் நூலகம். வெளியே போய்க் காற்று வாங்க என்றால் கோவை ஒரு படி மேல்தான். ஆனால் மதுரையில் இருந்தால் ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டுக் கும்பக்கரைக்கோ வைகை அணைக்கோ வந்து, ஆத்தாவையும் பார்த்துவிட்டுப் போகலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறக்க 2019ல் அரசு அனுமதித்தபோதும், வேலையாளுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதை விட்டுவிடவில்லை. அந்த ஒரு நாள் முதலாளிக்கும் வேண்டும்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். ஏலம், வாழை, திராட்சை, தேங்காய் என்று பள்ளத்தாக்குச் சரக்கை நம்பி வியாபாரம் செய்பவர் மதுரையை விட்டு வேறு எங்கும் பார்க்க வேண்டாம். கையில் சொந்தப் பணமும், கம்ப்யூட்டர் பில் போட்டுப் புறநகரில் சில்லறைக் கடை நடத்தும் தெம்பும் உள்ள இளைஞருக்குக் கோவை ஏற்றது. யாராக இருந்தாலும் முதல் வருடம் ஊர்க் கடையை மூட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் மாறுவதற்குப் புது ஜி.எஸ்.டி. எண் தேவையில்லை; புது இடத்தைக் கூடுதல் வியாபார இடமாகச் சேர்த்தால் போதும். உணவுப் பாதுகாப்பு உரிமம் மட்டும் அந்தந்தக் கடைக்குத் தனி. மாநகராட்சியின் தொழில் உரிமத்தையும், தராசு முத்திரையையும் கடை திறக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.