புத்தாண்டுக் கணக்கில் நமக்கென ஒரு வரி



டிசம்பர் பிறந்தால் நம் கடைகளில் காலண்டர் வேலை தொடங்கிவிடும். எத்தனை அச்சடிப்பது, யாருக்குத் தினசரி, யாருக்கு மாதக் காலண்டர் என்று பட்டியல் போடுகிறோம். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஆண்டு முழுவதும் நம் கடைப் பெயர் தொங்குகிறது. அந்த 365 தாள்களில் நமக்கென்று நாம் எடுத்துக்கொண்ட தாள் எத்தனை என்று யாராவது கேட்டால் பெரும்பாலோர் விழிக்கத்தான் செய்வோம். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நம்மிடம் வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கொடுக்கச் சொல்கிறது. முதலாளிக்கு விடுமுறை கொடுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அதை அவரே கொடுத்துக்கொண்டால்தான் உண்டு.

புத்தாண்டுத் தீர்மானம் என்றதும் நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? நிலுவைப் பாக்கியை வசூலிப்பேன், சர்க்கரையைக் குறைப்பேன், காலையில் எழுந்து நடப்பேன் என்கிறார்கள். எல்லாம் நல்லவைதான். ஆனால் இவை கட்டியே தீர வேண்டிய கடன்கள். கடனைக் கட்டினால் நிம்மதி வரும், சந்தோஷம் வராது. அதனால்தான் பொங்கலோடு அந்த நடை நின்றுவிடுகிறது. நாம் இங்கே பேச நினைப்பது, மனம் தானாக ஆசைப்படும் ஒரு காரியத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது பற்றி. இதை ஏன் சொல்கிறோம் என்றால், எங்கள் கடையில் அதைச் செய்யத் தவறினோம்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் அண்ணனும் தம்பியுமாக நாங்கள் மளிகை மொத்த வியாபாரம் செய்துவந்தோம். மிளகு, சீரகம், மல்லி, ஏலம் எல்லாம் உண்டு. ஏலக்காய் பார்ப்பதில் அண்ணன் கெட்டிக்காரர். கையில் அள்ளிய உடனேயே எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று ரகம் சொல்லிவிடுவார். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஏலக்காய் விற்ற நாங்கள் இருவருமே ஏலச்செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. "ஒரு தடவை போடிமெட்டு ஏறிப் போய்த் தோட்டத்தைப் பார்த்துட்டு வந்துடணும்டா" என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். ரயிலில் போக அவருக்கு ஆசை. அகலப் பாதை வேலைக்காக மதுரை - போடி ரயில் 2010 இறுதியில் நின்றுபோயிற்று. ரயில் திரும்ப வரட்டும் என்றோம். 2016 நவம்பரில் நோட்டுச் செல்லாது என்றார்கள், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2020இல் ஊரடங்கு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு காரணமாயிற்று. உள்ளதைச் சொன்னால், இத்தனை ஆண்டும் போடிக்குப் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2021இல் அண்ணன் காலமானார்.

பிறகு பழைய கணக்குகளைப் பரணிலிருந்து இறக்கியபோது 2012, 2015, 2019 ஆகிய மூன்று ஆண்டுப் பேரேடுகளில் கடைசிப் பக்கத்தில் அண்ணன் கையெழுத்தைப் பார்த்தோம். மூன்றிலும் ஒரே வரிதான்: "ஏலத்தோட்டம் பார்க்க வேண்டும்." கால் ரூபாய் வித்தியாசம் வந்தாலும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவர் அவர். அந்த வரிக்கு எதிரே தேதியும் எழுதவில்லை, தொகையும் எழுதவில்லை.

நாம் சொல்ல வந்த விஷயமே அதுதான். தேதியும் தொகையும் இல்லாமல் எழுதியதை நம் தொழிலில் யாரும் கணக்கு என்று ஒப்புக்கொள்வதில்லை. சரக்குக்கு ஆர்டர் போடும்போது எத்தனை மூட்டை, எந்தத் தேதிக்குள், என்ன விலை என்று மூன்றும் கேட்கிறோம். சொந்த ஆசைக்கு மட்டும் "பார்க்கலாம்" என்று எழுதினால் அது எப்படி வந்து சேரும்?

தேதியை எடுத்துக்கொள்வோம். மளிகையில் சம்பளத் தேதியை ஒட்டிய முதல் பத்து நாட்கள் மூச்சுவிட நேரம் இருக்காது. மாதத்தின் நான்காவது வாரம் கல்லா பெரும்பாலும் சும்மா கிடக்கும். பொங்கல் முடிந்ததும் வரும் வாரம் இன்னும் மந்தம். அந்த நாட்களில் ஒன்றைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் வைத்தால் அது நடக்காது. வீட்டில் சண்டைதான் நடக்கும்.

தொகைக்கு நம் முன்னோர் காட்டிய வழியே போதும். மூட்டைக்கு இவ்வளவு என்று கோவிலுக்கும் பள்ளிக்கும் மகமை எடுத்து வைத்தவர்கள் அவர்கள். அதே முறையில் மூட்டைக்கு ஒரு ரூபாய் எடுத்து வைத்தோம். நாளொன்றுக்கு 40 மூட்டை போனால் 40 ரூபாய், 300 நாளில் 12,000 ரூபாய். சில்லறைக் கடைக்காரர் தினம் 10 ரூபாய் தனி டப்பாவில் போட்டால் ஆண்டு முடிவில் 3,650 ரூபாய் இருக்கும். அதைக் கொள்முதலுக்குக் கைமாற்றாக எடுக்கக்கூடாது. இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். நாங்களே ஒருமுறை எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தோம்.

2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. 2024 ஜனவரி நான்காம் வாரம், அண்ணி உட்பட வீட்டார் நால்வராகக் கிளம்பினோம். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மேலே ஒரு தோட்டத்தில் இறங்கினோம். காய் செடியின் உச்சியில் தொங்கும் என்று நினைத்திருந்தோம். அது அடித்தண்டிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. பறிக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறார்கள். பச்சைக்காய் சுமார் ஐந்து கிலோவை அனல் அறையில் பக்குவமாக உலர்த்தினால் ஒரு கிலோ ஏலம் கிடைக்கிறது. பக்குவம் தவறினால் பச்சை நிறம் போய்விடும். மங்கிய காய்க்கு விலையை அடித்துப் பேசிய நாட்கள் அப்போது நினைவுக்கு வந்தன. அண்ணி ஒரு காயை எடுத்துப் புடவை முந்தியில் முடிந்துகொண்டார்.

கடையை விட்டு நகர முடியாதே, தனி ஆள் கடையாயிற்றே என்று பலர் சொல்வார்கள். நியாயம்தான். அப்படிப்பட்டவருக்குப் பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் அடங்கும் காரியமாக இருக்க வேண்டும். நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு அம்மா, ஐம்பத்திரண்டு வயதில், மகன் கடையில் உட்காரும் மதிய வேளையில் பள்ளி மைதானத்தில் சைக்கிள் பழகினார். இரண்டு முறை விழுந்து முழங்கை சிராய்த்தது. இப்போது கைச்சிட்டையோடு சைக்கிளிலேயே வந்து இறங்குகிறார். இன்னொரு கடைக்காரர் மாதம் ஒரு ஞாயிறு, தான் இதுவரை போகாத வழித்தட டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை மனைவியோடு போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா? "செலவு என் டிக்கெட்தான் அண்ணாச்சி" என்று சிரிக்கிறார்.

ஒரே ஆண்டில் ஏழெட்டு ஆசைகளை எழுதிவிடாதீர்கள். விற்காத ரகங்களை வாங்கி அடுக்கிய கிட்டங்கி மாதிரி ஆகிவிடும். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. ஊர் மெச்சுவதற்காகவும் எழுத வேண்டாம். நமக்குப் பிடித்ததுதானா என்று பார்க்க எளிய வழி உண்டு: அதை நினைத்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே லேசாகச் சிரிப்பு வர வேண்டும். ஜனவரியில் தவறிவிட்டால் பாக்கியை முன்கொண்டுவந்து சித்திரைப் புதுக்கணக்கில் எழுதுங்கள். நமக்குத்தான் ஆங்கிலப் புத்தாண்டு, ஏப்ரல் முதல் தேதி, சித்திரை முதல் தேதி என்று ஆண்டுக்கு மூன்று பிறப்பு இருக்கிறதே. வருமான வரிக்காரரைப்போல் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

எங்கள் பேரேட்டில் இந்த ஆண்டுக்கு எழுதியிருப்பது: தூத்துக்குடி உப்பளம். ஏப்ரல் நான்காம் வாரம், சனிக்கிழமை. நான்கு பேர். ரூபாய் 6,000. ஊரில் உப்பு விற்காத மளிகைக்கடை இல்லை. பாத்தியில் உப்பு வாருவதை நாங்கள் யாரும் அருகில் நின்று பார்த்ததில்லை. வண்டிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.