கருவி ஏற்றும், பெல்ட் காக்கும்

நெட்டை ரகத் தென்னை 60 அடிக்கு மேலும் வளரும். காலில் தளை மாட்டிக்கொண்டு அதில் ஏறுகிறார்கள். கை வழுக்கினால் என்ன ஆகும்? முதுகெலும்பு முறியலாம். உயிரும் போகலாம். உழைப்பவர் படுத்துவிட்டால் குடும்பத்தின் கதி என்ன?

கேரளத்தில் மரம் ஏறும் ஆட்கள் குறைந்து போனார்கள். தேங்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி மரம் ஏற ஒரு கருவி செய்தார். 2011-ஆம் ஆண்டில் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. இளைஞர்களும் பெண்களும் கருவியில் ஏறக் கற்றுக்கொண்டார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கருவியில் இரண்டு பாகங்கள் உண்டு. இடது காலுக்கு ஒன்று. வலது காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கால் வைக்க ஒரு மிதி இருக்கும். கையால் பிடிக்க ஒரு பிடி இருக்கும். மரத்தைச் சுற்றி ஒரு கம்பிக் கயிறு இருக்கும். மிதியில் உடலின் பாரம் விழுந்ததும் கயிறு மரத்தை இறுக்கும். காலையும் பிடியையும் சேர்த்துத் தூக்கினால் கயிறு தளரும். கால் மாற்றிக் கால் வைத்து, படி ஏறுவது போல ஏறலாம். இறங்குவதும் அப்படியே.

பெல்ட் எதற்கு?

கருவி காலைத்தான் தாங்குகிறது. கை விட்டுப்போனால் உடல் பின்னால் சாயும். ஆள் தலைகீழாகத் தொங்கலாம். கீழேயும் விழலாம். பெல்ட்டின் கயிறு உடலை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. இதற்காகவே காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், கருவியோடு சேர்த்துப் பயன்படுத்தும் பாதுகாப்பு இணைப்பை உருவாக்கியது.

கவனிக்க வேண்டியவை:

1. முதலில் முறையாகப் பயிற்சி பெறுங்கள்.

2. தரையில் நிற்கும்போதே பெல்ட்டை மாட்டுங்கள். மீண்டும் தரைக்கு வரும்வரை கழற்றாதீர்கள்.

3. கம்பிக் கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா, கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

4. மழையில் நனைந்த மரம் வழுக்கும். உளுத்த மரம் முறியும். இவற்றில் ஏறாதீர்கள். மின்கம்பி பக்கத்தில் உள்ள மரத்திலும் ஏறாதீர்கள்.

5. உச்சியில் அரிவாள் வீசும்போது பெல்ட்டின் கயிறு எங்கே இருக்கிறது என்று பார்த்து வெட்டுங்கள்.

6. தனியாக ஏறாதீர்கள். பெல்ட்டில் அசையாமல் தொங்குபவருக்குச் சில நிமிடங்களிலேயே ஆபத்து வரலாம். காலில் ரத்தம் தேங்கிவிடும். அவரை விரைவாக இறக்க வேண்டும். அதற்குக் கீழே ஓர் ஆள் தேவை.

ஒருவர் விழுந்துவிட்டால் உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் கேடு அதிகமாகும். கழுத்தும் முதுகும் அசையாமல் படுத்தபடியே இருக்கட்டும். 108-க்குச் சொல்லுங்கள்.

பழகியவருக்கு பெல்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பல ஆண்டு பழகியவருக்கும் கை வழுக்கும். பெல்ட் மாட்டச் சில நிமிடங்கள் போதும். அதை மாட்டிய பிறகே முதல் மிதியில் கால் வையுங்கள்.