குல்மார்க் கிளம்பும் முன் ஒரு ஈசிஜி

கொற்கை கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருக்குற ஊர். அந்தப் பக்கத்துல இருந்து பனிச்சறுக்குக்குக் காஷ்மீரின் குல்மார்க் போனா, நிற்பதே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறினால் 3,900 மீட்டரைத் தாண்டும்.

மேலேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனா காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறையுறதால, இதயம் வேகமாத் துடிச்சு ஈடுகட்டுது. சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு கூடும். பெரும்பாலும் இது இயல்பு.

சிக்கல் வேகத்துல இல்ல மக்கா, தாளத்துல. திடீர்னு தொடங்கி திடீர்னு நிக்கிற படபடப்பு, ஓடும்போது மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம்: இதுல ஒண்ணு இருந்தாலும் டிக்கெட் போடும் முன்பே இதய மருத்துவரைப் பாருங்க. ஈசிஜி எடுக்க சில நிமிஷம் போதும். ஆனா அது அந்த நேரத்துத் துடிப்பை மட்டுமே காட்டும். வந்து வந்து போற கோளாறைப் பிடிக்க, 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி தேவைப்படலாம். 3,888 மீட்டரில் உள்ள அமர்நாத் குகைக்குப் போக மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். நம்ம டூருக்கு யாரும் கேட்கலைன்னாலும், அதே உயரம்தானே!

மாத்திரை சாப்பிடுறவங்க நிறுத்தாதீங்க, கைப்பையிலேயே வையுங்க. முதல் நாள் ஓய்வு, போதுமான தண்ணீர். எனர்ஜி டிரிங்க், மது வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருந்தாலும் மூச்சுத்திணறல் வந்தா போட்டோவை மறந்துட்டு உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி தேடுங்க.