ஃபிட்ஜெட் ஸ்பின்னரைச் சுத்தினா யூரின் இன்ஃபெக்‌ஷன் தெரியுமா? திருச்சியில் நடந்த ஒரு பரிசோதனை!

சிறுநீர் கழிக்கும்போது சுருக்குனு எரிச்சல். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு ஓட்டம். அடிவயிற்றில் வலி. ஒருநாள் பொறுத்துப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போறீங்க. ``யூரின் கல்ச்சர் கொடுத்துடுங்க. ரிசல்ட் வர ரெண்டு, மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் இந்த ஆன்டிபயாட்டிக்கைப் போடுங்க'' என்கிறார்.

கவனிச்சீங்களா? ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே மாத்திரை வந்துடுச்சு. இது டாக்டரின் தப்பு இல்லை. வலியோட உட்கார்ந்திருக்கிற உங்களை மூணு நாள் காக்கவைக்க முடியாது. அனுபவத்தை வெச்சு ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். பல நேரம் அது சரியா இருக்கும். சரியா இல்லைன்னா, எரிச்சல் தொடரும். கிருமி அந்த மருந்தைச் சமாளிக்கப் பழகிடும். சில நேரம் இன்ஃபெக்‌ஷனே இல்லாதவங்களும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க.

இந்த மூணு நாளை ரெண்டு, மூணு மணி நேரமா சுருக்க முடியுமா? முடியும்னு சொல்லுது, விரலால் சுண்டிவிட்டுச் சுத்துற ஒரு குட்டிக் கருவி.

டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு!

லேப்ல ரத்தமோ, சிறுநீரோ கொடுத்ததும் நேரா மெஷினுக்குள்ள ஊத்திடுவாங்கனுதான் பலரும் நினைக்கிறோம். அதுக்கு முன்னாடி சாம்பிளைத் தயார்படுத்தணும். கொரோனா நேரத்தில் வீட்டிலேயே டெஸ்ட் பண்ணினவங்களுக்கு இது தெரியும். மூக்கில் விட்ட குச்சியை ஒரு குட்டி டியூப்ல இருக்கிற திரவத்தில் சுழற்றி, பிழிஞ்சு, அப்புறம்தான் ரெண்டு சொட்டு விட்டிருப்பீங்க. அந்தச் சுழற்றலும் பிழியலும்தான் சாம்பிள் தயாரிப்பு.

ரத்தத்தில் இது இன்னும் கஷ்டம். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒளிஞ்சிருக்கிற சில மலேரியா ஒட்டுண்ணிகளைத் தேடுறது திருவிழாவில் தொலைஞ்ச பிள்ளையைத் தேடுற மாதிரி. அதனால் கூட்டத்தை முதலில் பிரிக்கணும். அதுக்குத்தான் சென்ட்ரிஃபியூஜ் என்ற மெஷின். வாஷிங் மெஷினின் டிரையர் வேகமா சுத்தித் தண்ணியை வெளியே தள்ளுற மாதிரி, இது ரத்தத்தைச் சுத்திவிடும். கனமான சிவப்பணுக்கள் டியூபின் அடியில் போய்ச் சேரும். இளமஞ்சள் நிற பிளாஸ்மா மேலே தெளிஞ்சு நிக்கும்.

சிக்கல் என்னன்னா, இந்த மெஷினுக்குக் காசு வேணும், கரன்ட் வேணும், பழுதானா சரிபண்ண ஆள் வேணும்.

கதவுக்கு முட்டுக்கொடுத்த மெஷின்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மனு பிரகாஷ், 2013-ல் உகாண்டா போயிருந்தார். அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சென்ட்ரிஃபியூஜ் இருந்தது. ஆனா, கரன்ட் இல்லாததால் கதவு மூடாம இருக்க அதை முட்டுக்கொடுத்து வெச்சிருந்தாங்க!

கரன்ட்டே இல்லாம வேகமா சுத்துறது எது? அவரும், சென்னை ஐ.ஐ.டி-யில் படிச்ச சாத் பாம்லாவும் விளையாட்டுப் பொருள்களை ஒவ்வொண்ணா எடுத்துச் சுத்திப் பார்த்தாங்க. கடைசியில் சிக்கினது, நம்ம அப்பா அம்மாவுக்கு நல்லாத் தெரிஞ்ச சாமான். சோடா மூடியைத் தட்டையாக்கி, நடுவில் ரெண்டு ஓட்டை போட்டு, நூலைக் கோத்து, ரெண்டு கையாலயும் முறுக்கி இழுத்தா `விர்ர்ர்'னு சுத்துமே, அதேதான். உலகின் பல ஊர்களில் பட்டனை வெச்சும் இதைச் செய்வாங்க.

அதே தத்துவத்தில் காகிதத் தட்டு, நூல், ரெண்டு கைப்பிடி வெச்சு அவங்க செஞ்ச கருவிதான் `பேப்பர்ஃபியூஜ்'. 2017-ல் வெளியான ஆய்வின்படி எடை வெறும் 2 கிராம், செலவு 20 அமெரிக்க சென்ட். நிமிஷத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும். ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்க ஒன்றரை நிமிஷம், மலேரியா ஒட்டுண்ணியைப் பிரிக்க 15 நிமிஷம் போதும்.

ஸ்பின்னர் திருச்சிக்கு வந்த கதை

சரி, நம்ம யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு வருவோம். கல்ச்சருக்கு ஏன் அத்தனை நாள்? சிறுநீரில் இருக்கிற பாக்டீரியா ரொம்பச் சின்னது; நேரடியா கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஊட்டமுள்ள தட்டில் வெச்சு வளரவிடுறாங்க. அதுக்கே ஒண்ணு, ரெண்டு நாள். அப்புறம் எந்த மருந்துக்கு அது அடங்கும்னு பார்க்கணும்.

வளர்றவரைக்கும் காத்திருக்காம, இருக்கிற கிருமிகளை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டினா? தென்கொரியாவின் உல்சான் நகரில் இருக்கும் யுனிஸ்ட் ஆய்வு நிறுவனத்தில், யூன்-கியூங் சோ தலைமையிலான குழு இதைத்தான் செஞ்சது. கருவியின் வடிவம், 2017-ல் எல்லார் கையிலும் சுத்தின அதே ஃபிட்ஜெட் ஸ்பின்னர்!

உள்ளே ஒரு மில்லி சிறுநீரை விட்டு, ஸ்பின்னரை விரலால் ஓரிரு முறை சுண்டணும். சிறுநீர் ஒரு மெல்லிய வடிகட்டி வழியா வெளியேறும். பாக்டீரியா மட்டும் வடிகட்டியில் தங்கும். சாதாரண வடிகட்டின்னா கைவேகம் பத்தாது. அதனால் வடிகட்டிக்கு அடியில் முன்கூட்டியே திரவத்தை நிரப்பி வெச்சிருக்காங்க. தேங்காய்ப்பால் பிழியறதுக்கு முன்னாடி துணியை நனைச்சுக்கிற மாதிரினு வெச்சுக்கோங்களேன். சிறுநீர் எல்லாப் பக்கமும் சீரா, சுலபமா இறங்கிடும். 5 நிமிஷத்தில் கிருமிகள் 100 மடங்குக்கு மேல் செறிவாகிடும்.

அடுத்து ஒரு சாயம். உயிருள்ள பாக்டீரியா இருந்தா 45 நிமிஷத்தில் நிறம் மாறும். மைக்ரோஸ்கோப் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். ஆன்டிபயாட்டிக்கைக் கலந்தும் சோதிக்கலாம். மருந்துக்கு அப்புறமும் நிறம் மாறினா, கிருமி சாகலைனு அர்த்தம். அந்த மாத்திரை உங்களுக்கு வேலைக்காகாது. இதுக்கு 2 மணி நேரம்.

இதைச் சோதிச்சுப் பார்த்த ஊர்தான் நம்ம திருச்சி. யூரின் இன்ஃபெக்‌ஷன் சந்தேகம் இருந்த 39 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அதில் தெரிஞ்ச விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அறிகுறியை மட்டும் வெச்சு மருந்து கொடுக்கிற முறையில், அவங்களில் பாதிக்கும் மேற்பட்டவங்க தேவைக்கு அதிகமாவோ, குறைவாவோ சிகிச்சை பெற்றிருப்பாங்க.

அப்போ நம்ம கிளினிக்ல எப்போ?

அவசரப்படாதீங்க. 39 பேர்ங்கிறது ஆரம்பம்தான். இன்னும் பெரிய ஆய்வுகள், அரசு அனுமதி, தரமான உற்பத்தினு எல்லாப் படியையும் தாண்டணும். நிறம் மாறினா கிருமி இருக்குனு தெரியும். அது எந்தக் கிருமினு அந்த நிற மாற்றம் மட்டும் சொல்லாது. முக்கியமா, வீட்ல கிடக்கிற விளையாட்டு ஸ்பின்னரை வெச்சு எதையும் முயற்சி பண்ணாதீங்க.

உங்க கையில் இருக்கிற வேலை

ஸ்பின்னர் வர்ற வரைக்கும், யூரின் டெஸ்ட்டில் சாம்பிளைத் தயார்படுத்துற முதல் ஆள் நீங்கதான். அந்த வேலையைச் சரியா செஞ்சாலே ரிசல்ட் தெளிவா வரும்.

* முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு முன்னாடியே கல்ச்சருக்கான சாம்பிளைக் கொடுத்துடுங்க. மாத்திரை உள்ளே போயிட்டா கிருமி குறைஞ்சு, ரிசல்ட் ஏமாத்தலாம்.

* கையைக் கழுவிட்டு, அந்த இடத்தைச் சுத்தம் செய்ங்க. பெண்கள் முன்னாலிருந்து பின்பக்கமா துடைக்கணும்.

* முதலில் வர்ற சிறுநீரை விட்டுட்டு, நடுவில் வர்றதை லேப்ல கொடுத்த கப்பில் பிடிங்க. கப்பின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது.

* 2 மணி நேரத்துக்குள் லேப்ல சேர்த்துடுங்க. முடியலைன்னா, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்க.

* மாத்திரை ஆரம்பிச்சதும் ரிசல்ட்டை மறந்துடாதீங்க. வந்ததும் டாக்டரிடம் காட்டுங்க. மருந்தை மாத்தணுமா, நிறுத்தணுமானு அவர் சொல்வார்.

* காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி இருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் அட்டை இப்பவும் உங்க வீட்டு டிராயரில் கிடக்கலாம். அடுத்த தடவை எரிச்சல் வந்ததும் கை தானா அங்கே போகும். போகவிடாதீங்க. முதலில் சாம்பிள், அப்புறம் மாத்திரை!