அங்கத்துவ அட்டையும் அம்மாவின் போத்தல்களும்

மூன்று வருடங்களுக்கு முன்னர் கிளிநொச்சிக்குப் போனபோது, அம்மாவின் குசினித் தட்டில் ஐந்து பெரிய பிளாஸ்ரிக் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் மிளகாய்த்தூள், ஒன்றில் சீனி, ஒன்றில் பயறு. எல்லாமே நான் கனடாவிலிருந்து அனுப்பிய பார்சல்களில் கச்சானும் கஜுவும் அடைத்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: கேர்க்லண்ட் சிக்னேச்சர்.

“உது ஆர் தம்பி, உந்தக் கேர்க்லண்ட்? பெரிய முதலாளியோ?” என்று அம்மா கேட்டார்.

“ஆளில்லை அம்மா, ஒரு ஊரின்ர பேர்” என்றேன். அந்தக் கடைக்குச் சாமான் வாங்கப் போவதற்கே வருடாவருடம் காசு கட்டி அட்டை எடுக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்ப எங்கட சங்கக்கடையில பங்கு எடுத்த மாதிரித்தானே?”

அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. புலம்பெயர்ந்த உறவினர்களிடமிருந்து இந்தப் போத்தல்களைப் பெறுகிறவர்களுக்கும், புதிதாகக் கனடாவுக்கு வந்து இந்த அட்டையை எடுப்பதா விடுவதா என்று யோசிப்பவர்களுக்கும் அந்தப் பதில் பயன்படலாம்.

இந்த வகைக் கடையைத் தொடக்கிவைத்தவர் சொல் பிரைஸ் என்பவர். 1976 இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் பிரைஸ் கிளப்பைத் திறந்தார். தொடக்கத்தில் சிறு வியாபாரிகளுக்கு மட்டுமே அனுமதி. வருடக் கட்டணம் 25 டொலர். 1983 இல் சியாட்டிலில் கொஸ்ற்கோவும், அதே ஆண்டில் வோல்மார்ட்டின் சாம்ஸ் கிளப்பும், 1984 இல் பி.ஜேஸும் வந்தன. பிரைஸ் கிளப்பும் கொஸ்ற்கோவும் 1993 இல் ஒன்றாகின. சாம்ஸ் கிளப் ஒன்ராறியோவில் சில வருடங்கள் நடந்து 2009 இல் மூடப்பட்டது. ஆகவே கனடாவில் இருக்கும் எங்களுக்கு இந்த மூன்றில் கொஸ்ற்கோ ஒன்றுதான்.

கட்டணம் இப்படி: கொஸ்ற்கோ 2024 செப்ரெம்பரில் சாதாரண அட்டையை 60 இலிருந்து 65 டொலராகவும், மேல்தர அட்டையை 120 இலிருந்து 130 டொலராகவும் உயர்த்தியது. கனடாவில் இது கனேடிய டொலர். அமெரிக்காவில் சாம்ஸ் கிளப் 2022 இல் 50, 110 என்றும், பி.ஜேஸ் 2025 ஜனவரியில் 60, 120 என்றும் உயர்த்தின.

இந்தக் கட்டணம் வாசலில் கொடுக்கும் ஒரு சின்னக் காசு அல்ல. கடையின் இலாபமே பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. 2024 நிதியாண்டில் கொஸ்ற்கோவுக்கு அங்கத்துவக் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 480 கோடி அமெரிக்க டொலர் கிடைத்தது. அந்த ஆண்டு அதன் தொழிற்பாட்டு இலாபம் ஏறத்தாழ 930 கோடி. அதனால்தான் சாமானில் குறைந்த இலாபம் வைத்து விற்க முடிகிறது. மற்றக் கொம்பனிகளின் பொருள்களுக்கு 14 வீதத்துக்கு மேலும், தன் சொந்தப் பெயரில் விற்பவற்றுக்கு 15 வீதத்துக்கு மேலும் விலை ஏற்றுவதில்லை என்பது அவர்களின் பழைய விதி. ஒரு சாதாரண சுப்பர்மார்க்கட்டில் 30,000 வகைச் சாமான் இருந்தால், இங்கே ஏறத்தாழ 4,000 வகைதான். வகை குறைந்தால் ஒவ்வொன்றையும் பெருந்தொகையாக வாங்கலாம், விலை பேசலாம், அட்டியோடு அப்படியே தரையில் வைத்து விற்கலாம்.

அம்மா கேட்ட கேர்க்லண்ட், கொஸ்ற்கோவின் சொந்தப் பெயர். 1995 இல் தொடங்கியது. கொம்பனியின் தலைமையகம் அப்போது வொஷிங்டன் மாநிலத்தின் கேர்க்லண்ட் என்ற ஊரில் இருந்தது. சாம்ஸ் கிளப்புக்கு இப்படி மெம்பர்ஸ் மார்க், பி.ஜேஸுக்கு வெல்ஸ்லி ஃபாம்ஸ். இவற்றில் பலவற்றை வேறு கொம்பனிகளே செய்துகொடுக்கின்றன. விளம்பரச் செலவும் இடைத்தரகும் குறைவதால் விலை குறைகிறது. என் அனுபவத்தில் கச்சான், கஜு, ஒலிவ் எண்ணெய், வெண்ணெய், குழந்தைகளின் பம்பர்ஸ் போன்றவற்றில் கேர்க்லண்டின் தரத்தைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் சொந்தப் பெயர்ப் பொருள் வாங்க அட்டை கட்டாயம் இல்லை. கனடாவின் லொப்லோ கொம்பனி 1978 இலேயே மஞ்சள் பொதியில் கறுப்பு எழுத்துடன் நோ நேம் பொருள்களைக் கொண்டுவந்தது. நோ ஃபிரில்ஸ் கடைக்குள் யாரும் போகலாம், ஒரு கிலோ மாவும் வாங்கலாம். எங்கள் சமையலுக்கு வேண்டிய குத்தரிசி, ஒடியல் மா, கருவாடு, வறுத்த கறித்தூள் எதற்கும் எப்படியும் தமிழ்க் கடைக்குத்தான் போகவேண்டும்.

அப்படியானால் அட்டை யாருக்கு இலாபம்? 65 டொலரை 12 ஆல் பிரித்தால் மாதம் 5 டொலர் 42 சதம். மாதாமாதம் அதற்கு மேல் மிச்சம் பிடிக்கிற குடும்பத்துக்கு இலாபம். மேல்தர அட்டைக்கு இன்னும் 65 டொலர் கூட. அதற்கு வாங்கியதில் 2 வீதம் திரும்பக் கிடைக்கும். அந்த மேலதிக 65 டொலரை மீட்கவே வருடத்தில் 3,250 டொலருக்கு, அதாவது மாதம் 270 டொலர் அளவுக்கு அங்கேயே வாங்கவேண்டும்.

கணக்கு இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். எங்கள் ஆட்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் சங்கக்கடை வாசலில் கூப்பன் அட்டையோடு நின்றவர்கள் நாங்கள். 2009 இல் முகாமில் நிவாரண அட்டையோடு நின்றோம். “கிடைக்கும்போதே வாங்கி வை” என்பது எங்களுக்குள் ஊறிவிட்டது. வோர்டன் வீதியில் உள்ள கொஸ்ற்கோவுக்குள் முதன்முதலில் போனபோது, கூரை முட்ட அடுக்கியிருந்த அரிசியையும் எண்ணெயையும் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. தேவைக்கு வாங்கவில்லை, பயத்துக்கு வாங்கினேன்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தோம். கார் இல்லை, ஒருவரிடம் சொல்லிப் போய்வந்தோம். வெங்காய மூட்டையில் பாதி ஈரத்தில் அழுகியது. மா வண்டு பிடித்தது. அதைவிட மோசம், சாமானைக் கடனட்டையில் வாங்கி, மாத முடிவில் கட்ட முடியாமல் விட்டது. சாமானில் 5 டொலர் மிச்சம் பிடித்துக்கொண்டு, கடனுக்கு 20 வீதத்துக்குக் கிட்ட வட்டி கட்டினேன். அந்த மாதம் அம்மாவுக்கு அனுப்பும் காசும் பிந்தியது. மலிவான கிலோ விலை, கையில் காசும் காரும் குளிர்பெட்டியும் இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர்கிறது. புதிதாக வந்தவர் சின்னப் பைக்கற்றுக்குக் கூடிய விலை கொடுக்கிறார்.

இப்போது நாங்கள் மூன்று குடும்பம். ஊரில் ஒரு கிடாயை அடித்துப் பங்கு இறைச்சி போடுவோமே, அதே ஏற்பாடு. அட்டையை இன்னொருவருக்குக் கொடுக்கமுடியாது. ஆனால் அங்கத்தவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம், காசு அங்கத்தவரே கட்டவேண்டும். பிறகு வீட்டில் வைத்துக் கோழியையும் எண்ணெயையும் வெங்காயத்தையும் மூன்றாகப் பிரிக்கிறோம். போகமுன் நோ ஃபிரில்ஸின் விலையையும் 100 கிராம் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். விலை அட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கும். பெரிய பொதி எப்போதும் மலிவு இல்லை. ஒரு வருடம் பார்த்து, மிச்சம் இல்லையென்றால் அங்கத்துவத்தை விட்டுவிடலாம். திருப்தியில்லையென்றால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கடையே எழுதிவைத்திருக்கிறது.

அம்மாவுக்குப் பிறகு தொலைபேசியில் பதில் சொன்னேன். சங்கக்கடையில் பங்கு எடுத்தவர் அந்தக் கடையின் சொந்தக்காரர். பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தலாம், கணக்குக் கேட்கலாம். இங்கே நான் கட்டுகிற 65 டொலர் வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். அடுத்த வருடம் அதை 70 ஆக்கினால், கட்டுவதா விடுவதா என்பது மட்டுந்தான் என் கையில்.

“அப்ப எங்கடது நல்லதெண்டு சொல்லு” என்றார் அம்மா. பிறகு, கச்சான் இனி வேண்டாம், அந்தக் காசை அப்படியே அனுப்பு, போத்தல் இருக்கிறது போதும் என்றும் சொன்னார்.