நர்ஸ் பதிவு ரத்தானால் மீண்டும் பெற முடியுமா?

தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை 1928-ல் தொடங்கியது. குரோம்பேட்டை, பல்லாவரம் வரை நர்ஸ்கள் உள்ள குடும்பங்கள் நிறைய. வெளிநாட்டு வேலைக்காக இன்டர்நெட்டில் தேடும்போது அவர்கள் பயப்படும் வார்த்தை, 'ரத்து'.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ளுங்கள். புதுப்பிக்காமல் விட்டதால் பதிவு காலாவதியாவது வேறு. தவறு நிரூபணமாகிப் பெயரை நீக்குவது வேறு. நம் ஊரில் பலருக்கு நேர்வது முதல் வகை. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 150 மணி நேரத் தொடர் கல்வி முடிக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. காலாவதியாகியிருந்தால், சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில்தான் விசாரிக்க வேண்டும். கருத்தரங்குச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, தேதியையே பைல் பெயராகக் கொடுத்து, ஒரு போல்டரில் சேமித்திடுங்கள். பென் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.

இரண்டாவது வகைதான் சிக்கல். கம்ப்யூட்டரில் அழித்த பைலை ரீசைக்கிள் பின்னில் ரெஸ்டோர் கிளிக் செய்து மீட்டுவிடலாம். இங்கே அப்படி ஒரு பட்டன் கிடையாது, காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் பெயர் நீக்கப்பட்டால் 5 ஆண்டு கழித்தே மீண்டும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: டெக்சாஸில் 1 ஆண்டு, கலிபோர்னியாவில் 3 ஆண்டு. காலம் முடிந்ததும் தானாக லைசென்ஸ் வந்துவிடாது. நடந்த தவறை உணர்ந்திருக்கிறாரா, இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார், இன்று நோயாளியை நம்பி ஒப்படைக்கலாமா என்று விசாரித்த பிறகே முடிவு செய்வார்கள். பாடம் மறந்திருந்தால் மறுபடி பயிற்சியும் தேவைப்படலாம். கடுமைதான். ஆனால் ஊசி போட்டுக் கொள்பவர் பக்கமிருந்து பார்த்தால் நியாயமாகத் தெரிகிறது.

படிப்பே போலி என்றால் மீட்பதற்கு எதுவும் இல்லை. புளோரிடாவில் சில நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றது 2023 ஜனவரியில் வெளியானது.

"ஒரு நாட்டில் ரத்தானால் இன்னொரு நாட்டில் பதிந்து தருகிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட்களிடம் ஏமாறாதீர்கள். புதிதாகப் பதிய விண்ணப்பித்தால், முன்பு பதிந்திருந்த கவுன்சிலிடமிருந்து சரிபார்ப்புக் கேட்பது வழக்கம். அமெரிக்க லைசென்ஸ் என்றால் இன்னும் சுலபம். பிரவுசரில் நர்சிஸ் டாட் காம் தளத்தைத் திறந்து, பெயரை டைப் செய்து தேடினால் போதும். லைசென்ஸ் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வேலை கொடுப்பவரும் அதையேதான் பார்ப்பார்.

பிரிட்டன் கவுன்சிலின் தளத்திலும் இப்படித் தேடும் வசதி உண்டு. உங்கள் வீட்டு நர்ஸ் அங்கே பதிந்திருந்தால், இன்றே அவர் பெயரைத் தேடி, புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துக் கொடுங்கள்.